பழையனூர் நீலியும் எழுபது பேரின் சொல்லும்: மனித மொழி எங்கே வேறுபடுகிறது?

யாராவது பொய்யாக அழுதால் "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று சொல்கிறோம். அந்த நீலி யார், எந்த ஊர்க்காரி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டிப் போனால், மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இருக்கும் ஊர். காரைக்கால் அம்மையார் பதிகம் பாடிய தலம். அதை ஒட்டியே இருப்பது பழையனூர். நீலி இந்தப் பழையனூரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவள்.

இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. மனிதனின் மொழிக்கும் விலங்குகளின் தகவல் பரிமாற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? "மனிதன் பேசுவான், விலங்கு பேசாது" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் முடித்து விடுவார்கள். ஆனால் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் தேனீ, குரங்கு, யானை, பறவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகு, அந்த ஒரு வரி பதில் போதவில்லை. அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? இதற்குப் பழையனூர்க் கதையில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. முதலில் கதையைப் பார்ப்போம்.

நீலி கதை

கதை சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

முற்பிறவியில் ஒருத்தியை அவள் கணவனே திருவாலங்காட்டுக் காட்டில் கொன்றுவிடுகிறான். அவள் நீலி என்ற பேயாகிறாள். அவன் மறுபிறவியில் காஞ்சிபுரத்தில் ஒரு வணிகனாகப் பிறக்கிறான். அவனுக்குப் பேயால் ஆபத்து உண்டு என்று சோதிடர் சொன்னதால், காப்பாக மந்திர வாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே திரிகிறான். வியாபார விஷயமாகப் பழையனூருக்கு வரும்போது நீலி அவனைப் பார்த்து விடுகிறாள். வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை.

உடனே அழகான பெண்ணாக வடிவம் எடுக்கிறாள். ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடியிருக்கும் சபைக்குப் போய் அழுகிறாள். இவர் என் கணவர், என்னையும் குழந்தையையும் கைவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டார், சேர்த்து வையுங்கள் என்கிறாள். வணிகனோ, இவள் என் மனைவி இல்லை, பேய் என்கிறான். குழந்தையைக் கீழே விடுகிறார்கள். அது "அப்பா" என்று அவனிடமே போகிறது. சபை நீலியை நம்பிவிடுகிறது.

இருவரும் ஒரு வீட்டில் தங்கிப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாகிறது. கணவன் கையில் வாள் இருந்தால் பயமாக இருக்கிறது என்று நீலி சொல்ல, அதையும் வாங்கி வைக்கிறார்கள். வணிகன் நடுங்குகிறான். அப்போது எழுபது பேரும் சொல்கிறார்கள்: உனக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுவோம்.

மறுநாள் கதவைத் திறந்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். நீலி இல்லை. எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று ஒரு நினைவு மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது. அருகில் உள்ள கோயிலில் இறைவன் பெயர் சாட்சி பூதேஸ்வரர். சொல்லுக்குச் சாட்சியாக நின்றவர் என்று பொருள்.

இதெல்லாம் நடந்ததா என்று வரலாற்றால் நிரூபிக்க முடியாது. ஆனால் கதை மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சகத்தால் ஒருத்தி உயிர் வாங்கிய செய்தியைக் குறிப்பிடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் பழையனூர் வேளாளரைச் சொல்கிறார். ஆக, குறைந்தது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மக்கள் வாயில் இருக்கும் கதை இது.

கவனித்துப் பார்த்தால், இந்தக் கதையில் நடப்பதெல்லாம் பேச்சுதான். ஒரு பொய், அதற்கு ஒரு மறுப்பு, ஒரு தீர்ப்பு, ஒரு வாக்கு. இவற்றில் விலங்குகளால் எதைச் செய்ய முடியும்?

விலங்குகள் பேசுவதில்லையா?

விலங்குகள் ஊமை அல்ல. தேனீயை எடுத்துக்கொள்வோம். பூ இருக்கும் இடத்தைக் கண்டுவிட்டு வரும் தேனீ, கூட்டுக்குள் எட்டு வடிவத்தில் ஒரு ஆட்டம் ஆடும். நடுவில் உடலை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும் கோடு, செங்குத்திலிருந்து எத்தனை கோணம் சாய்ந்திருக்கிறதோ, சூரியனிலிருந்து அத்தனை கோணத்தில் பூ இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டம் நீள நீளத் தூரம் அதிகம். இதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அடுத்து ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள். கென்யாவின் அம்போசெலியில் சேஃபார்த், சேனி, மார்லர் ஆகியோர் செய்த ஆய்வு 1980-ல் வெளியானது. சிறுத்தைக்கு ஒரு கத்தல், கழுகுக்கு ஒரு கத்தல், பாம்புக்கு ஒரு கத்தல். பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டினாலே போதும். சிறுத்தைக் கத்தலுக்கு மரத்தில் ஏறின, கழுகுக் கத்தலுக்கு மேலே பார்த்தன, பாம்புக் கத்தலுக்கு எழுந்து நின்று தரையைப் பார்த்தன.

ஜப்பானில் ஒரு வகைச் சிட்டு, 'கவனி' என்ற ஒலியையும் 'வா' என்ற ஒலியையும் சேர்த்துச் சொல்கிறது. வரிசையை மாற்றிப் போட்டால் மற்றச் சிட்டுகள் சரியாக நடந்துகொள்வதில்லை. இது 2016-ல் வந்த செய்தி. 2024-ல் கென்யா யானைகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனித்தனி ஒலிகளால் அழைக்கின்றன என்கிறது அது.

ஆக, பொருள் உள்ள ஒலி, வரிசை, ஏன் பெயர் கூட விலங்குகளிடம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அப்படியானால் மீதி என்ன?

மீதி இருப்பவை

சார்லஸ் ஹாக்கெட் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960-ல் இதற்கு ஒரு பட்டியல் போட்டார். மொழிக்குப் பதின்மூன்று இயல்புகள். அவற்றில் பலவும் விலங்குகளிடம் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருப்பது மனிதனிடம் மட்டுமே என்றார். நமக்கு முக்கியமானவை சில.

ஒன்று, பொருளில்லாத சில ஒலிகளிலிருந்து கணக்கில்லாத சொற்களைச் செய்வது. தமிழில் உயிர் 12, மெய் 18. இந்த முப்பதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் பேசுகிறோம். 'நீலி' என்பதில் ஒரே ஒரு மெய்யை மாற்றினால் 'நீதி' ஆகிவிடுகிறது. வெர்வெட் குரங்கின் சிறுத்தைக் கத்தலை இப்படி உடைத்து வேறு சொல் செய்ய முடியாது.

இரண்டு, வாக்கியத்துக்குள் வாக்கியத்தை வைப்பது. 'இவர் என் கணவர் என்று அவள் சொன்னாள் என்று ஊரார் நம்பினார்கள்' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். தமிழில் 'என்று' என்ற ஒரு சின்னச் சொல் இந்த வேலையைச் செய்து விடுகிறது. 2002-ல் ஹவுசர், சோம்ஸ்கி, ஃபிட்ச் மூவரும் இந்த ஒன்றுக்குள் ஒன்று வைக்கும் திறன்தான் மனித மொழிக்கே உரியது என்று வாதிட்டார்கள். இதில் இன்னும் சர்ச்சை உண்டு. ஆனால் எந்தக் காட்டு விலங்கிடமும் 'என்று' இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை.

கற்றுக்கொடுத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1973-ல் பிறந்த நிம் என்ற சிம்பன்சிக்கு ஹெர்பர்ட் டெரஸ் குழு சைகை மொழி சொல்லிக் கொடுத்தது. சுமார் 125 சைகைகளை அது கற்றுக்கொண்டது. ஆனால் 1979-ல் டெரஸ் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? நிம் வாக்கியம் அமைக்கவில்லை. பெரும்பாலும் ஆசிரியர் காட்டியதைத் திருப்பிக் காட்டியது, வேண்டியதைக் கேட்டது. பழம் வேண்டும், விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று, இங்கே இல்லாததைப் பேசுவது. நேற்று, நாளை, வேறு ஊர், வேறு பிறவி. தேனீ கண்ணுக்குத் தெரியாத பூவைப் பற்றிச் சொல்கிறது, உண்மை. ஆனால் போன வருடம் பூத்த பூவைப் பற்றியோ, அடுத்த மாதம் பூக்கப் போவதைப் பற்றியோ, 'அங்கே பூ இல்லை' என்றோ அதனால் ஆடிக்காட்ட முடியாது. நீலியின் வழக்கு முழுவதும் இல்லாததைப் பற்றியது. நடக்காத ஒரு கல்யாணம், நடக்காத ஒரு பிரிவு. இன்னும் ஒரு வேடிக்கை! 'இவர் என் கணவர்' என்பது இந்தப் பிறவியில் பொய், முற்பிறவியில் உண்மை. அவளுக்கு நேர்ந்த கொலைக்கு அப்போது நியாயம் கேட்க ஒரு சபையும் கூடவில்லை. பழைய உண்மையைத்தான் புதிய பொய்யாக மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

பொய் மனிதனுக்கு மட்டும் சொந்தமா?

பொய் சொல்லும் திறனையும் ஹாக்கெட் பின்னால் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கேட்க ஆச்சரியமாக இருக்கும். பொய்யும் ஒரு பெருமையா?

ஆனால் விலங்குகளும் ஏமாற்றும். நம் ஊரில் மாட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் ஆப்பிரிக்க உறவுப் பறவை ஒன்று கலஹாரி பாலைவனத்தில் இருக்கிறது. கீரி இனத்தைச் சேர்ந்த மீர்காட் ஏதாவது இரை பிடித்ததும், பருந்து வந்தது போல எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். மீர்காட் இரையைப் போட்டுவிட்டு ஓடும். இது இறங்கி எடுத்துக்கொள்ளும். ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஏமாறாமல் விட்டால், வேறு பறவையின் எச்சரிக்கைக் குரலுக்கு மாறிவிடும். 2014-ல் இதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்தார்கள்.

அப்படியானால் நீலிக்கும் கரிச்சானுக்கும் என்ன வேறுபாடு?

கரிச்சானின் பொய் இந்த நிமிடத்துக்கு உரியது. 'பருந்து, ஓடு' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நேற்று பருந்து வந்தது என்றோ, பக்கத்துக் கூட்டத்தார் சொன்னார்கள் என்றோ அதனால் சொல்ல முடியாது. இன்னொன்று. கரிச்சானைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. மீர்காட் செய்யக்கூடியது நம்புவது அல்லது நம்பாமல் விடுவது, இரண்டே. மனிதப் பொய் அப்படி இல்லை. உன் கல்யாணம் எந்த ஊரில், யார் சாட்சி, குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்கலாம். பொய்யை எந்த மொழியில் சொன்னார்களோ அதே மொழியால் அதை உடைக்கவும் முடியும். பழையனூர்ச் சபை அந்தக் கேள்விகளைப் போதுமான அளவு கேட்கவில்லை. அழுகையையும் குழந்தையையும் பார்த்தது, போதும் என்று நினைத்தது. உண்மை சொன்னவன் தோற்றான். அந்தத் தவறுக்கான விலைதான் மீதிக் கதை.

வாக்கு என்பது என்ன?

பொய்யில் கொஞ்சமாவது விலங்குகள் போட்டிக்கு வருகின்றன. வாக்கில் வருவதே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த ஜே. எல். ஆஸ்டின் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். அவர் இறந்த பின் 1962-ல் நூலாக வந்த சொற்பொழிவுகளில் இது இருக்கிறது. சில வாக்கியங்கள் உலகத்தைப் பற்றிச் செய்தி சொல்வதில்லை. சொல்வதே ஒரு செயலாகி விடுகிறது. 'வாக்குக் கொடுக்கிறேன்' என்பது அப்படிப்பட்டது. அதைச் சொல்வதற்கு முன் இல்லாத ஒரு கடமை, சொன்ன மறுகணம் வந்துவிடுகிறது.

வணிகவியல் மாணவர்கள் முதலில் படிக்கும் சட்டங்களில் ஒன்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் ஏற்கிறார், ஏற்றதும் அது வாக்குறுதி ஆகிறது. பொதுவாக வாய்வார்த்தையே போதும், எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. உனக்கு நஷ்டம் வந்தால் நாங்கள் ஈடு செய்கிறோம் என்பதற்கு 124-ஆம் பிரிவு இருக்கிறது. பழையனூர் வேளாளர் கொடுத்ததும் ஏறக்குறைய அந்த வகைதான். ஆனால் இன்றைய நீதிமன்றத்தில் அது செல்லாது! உயிரை விடுவது என்பது சட்டம் ஏற்கும் ஈடு அல்ல. எழுபது பேர் இறந்ததால் வணிகன் பிழைக்கவும் இல்லை. அவர்களை நம்பியிருந்த குடும்பங்களைப் பற்றிக் கதை பேசுவதில்லை. எனவே அவர்கள் முடிவை நாம் புகழ வேண்டியதில்லை. அவர்கள் ஏன் அப்படிக் கட்டுப்பட்டதாக உணர்ந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றில் கரைந்து போகும் ஒரு வாக்கியம், முந்தைய நாள் சொன்னது, மறுநாள் எழுபது பேரைக் கட்டிப் போடுகிறது. கேட்டவன் இறந்துவிட்டான், வற்புறுத்த யாரும் இல்லை. ஆனாலும் கட்டு அவிழவில்லை. ஒரு நாய் எஜமானனுக்காக உயிரைக் கொடுக்கலாம். அது அன்பு, பழக்கம். 'நாளை இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டிச் சொல்லி, அதற்காகப் பிறகு அது செய்வதில்லை. வாக்குக்கு 'நாளை' வேண்டும், 'நடந்தால்' வேண்டும், 'நான்' வேண்டும். மூன்றும் இலக்கணத்தில் இருப்பவை.

வங்கி, காப்பீடு, கடன், சம்பளம் எல்லாமே இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. பத்து ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குறுதி இருக்கிறது.

செப்பேட்டில் ஏறிய சொல்

வாய்ச்சொல்லை மறந்து விடலாம், மறுத்து விடலாம். அதனால்தான் எழுத்து. இதற்கும் திருவாலங்காடே உதாரணம்!

1905-ல் திருவாலங்காட்டில் 31 செப்பேடுகள் கிடைத்தன. ராஜேந்திர சோழனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு மகாதேவருக்குத் தானமாகக் கொடுத்த ஆவணம் அது. ஆம், அதே பழையனூர்தான். சமஸ்கிருதப் பகுதியில் சோழர் வம்ச வரலாறு இருக்கிறது. நாராயணன் என்ற கவி எழுதியது. கங்கைப் படையெடுப்பும் கடார வெற்றியும் அதில் வருவதால், அந்தப் பகுதி தானம் நடந்து சில ஆண்டுகள் கழித்தே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் முடிவு. தமிழ்ப் பகுதியில் தான விவரமும் ஊர் எல்லைகளும் இருக்கின்றன.

சோழர் ஆட்சியில் அரசன் வாயால் சொன்னது அப்படியே சட்டமாகிவிடாது. அதைக் கேட்டு எழுதுபவர், ஓலையைச் சரிபார்க்கும் ஓலைநாயகம், வரிப்பொத்தகத்தில் பதிபவர் என்று பல கைகள் மாற வேண்டும். திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை என்றெல்லாம் பெயர்கள். இன்றைய அலுவலகத்தில் வவுச்சரிலிருந்து பேரேடு வரை கணக்கு போவது போலத்தான். ஒருவர் பொய் சொன்னாலும் அடுத்தவரிடம் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு. பழையனூர்ச் சபையில் இல்லாமல் போனது இதுதான்.

எல்லை குறிக்கவும் ஒரு முறை இருந்தது. சோழர் செப்பேடுகள் சொல்லும் வழக்கம் இது. ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை ஆக்குவார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். நீலி குழந்தையாக்கிய அதே கள்ளிச் செடி, இங்கே நிலத்துக்குச் சாட்சியாக நிற்கிறது!

அந்தப் பெண் யானையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் தன் இனத்தோடு பேசக்கூடியது. நினைவாற்றல் மிக்கது. நடந்த வழி அதற்கு மறக்காது. ஆனால் 'இந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது கோயிலுடையது' என்பதை அது தன் கன்றுக்குச் சொல்ல முடியாது. எல்லை மண்ணில் இல்லை, சொல்லில் இருக்கிறது. கல் சாய்ந்து, கள்ளி பட்டுப்போய், சோழ வம்சமே மறைந்த பிறகும், ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அந்தத் தானத்தைப் படிக்கிறோம்.

வாதம் செய்த நீலி

நீலிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசி சமண நூல். அதன் தலைவியும் பழையனூர் நீலியே. ஒரு சமண முனிவரைக் கெடுக்க வந்தவள், அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று பல சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். கொல்வதில்லை, ஏமாற்றுவதில்லை. கேள்வி கேட்கிறாள், காரணம் கேட்கிறாள்.

ஒரே பெயர், ஒரே ஊர். ஒரு கதையில் சொல்லால் கொல்கிறாள், இன்னொன்றில் சொல்லால் உண்மையைத் தேடுகிறாள். மொழியால் இரண்டும் முடியும் என்பதைப் பழைய தமிழர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

முடிவாக

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவில்தான் தொடங்குகிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. குரலை வைத்து இந்தக் கோட்டைப் போட்டால் இன்று நிற்காது. தேனீயும் யானையும் சிட்டும் அதைத் தாண்டி வந்துவிட்டன. இனியும் வரும்.

ஆனால் இல்லாததைச் சொல்லி ஒருவனை நம்ப வைப்பதும், இனி வரப் போவதைச் சொல்லித் தன்னையே கட்டிக்கொள்வதும் ஒரே திறனின் இரண்டு பக்கங்கள். அந்தத் திறன் முழுமையாக மனிதனிடம் மட்டுமே இருக்கிறது. பொய் சொல்ல முடிகிறவனால்தான் வாக்குக் கொடுக்கவும் முடியும். பொய் சொல்லவே முடியாத ஒன்று, உண்மை சொன்னதாகவும் ஆகாது.

தமிழில் 'சொல்' என்பதற்கு வார்த்தை என்றும் பொருள், வாக்குறுதி என்றும் பொருள். 'சொல் தவறாதவர்' என்றால் இலக்கணப் பிழை இல்லாமல் பேசுபவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வாயிலிருந்து வருவதெல்லாம் மொழி ஆகலாம். அதற்குப் பிறகு அதன் பின்னால் ஒருவர் நிற்கும்போதுதான் அது சொல் ஆகிறது.